வலைக்கு இரு புறமும்

ஒரு சின்ன ஊரின் தராதரத்தை அறிய வேண்டுமானால் அதன் கடைத்தெருவைப் பார்த்துப் பயனில்லை. கோயில் கோபுரத்தைப் பார்த்தும் பயனில்லை. அந்தி வேளையில், வேலை முடிந்த வாலிபர்கள் எங்கே போய் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஆற்றுப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்களா, டீக்கடை பெஞ்சியில் நேற்றைய பத்திரிகையை மறுபடியும் புரட்டிக்கொண்டிருக்கிறார்களா, அல்லது 'வா' என்று கூப்பிட அவர்களுக்கென்று ஓர் இடம் இருக்கிறதா? பகல் முழுவதையும் கூலிக்கோ சம்பளத்துக்கோ விற்றுவிட்டவனிடம் மிச்சமிருக்கும் சொத்து அந்த இரண்டு மணி நேரம்தான். அதை என்ன செய்வது என்ற கேள்விக்கு மனிதர்கள் பல விடைகளைத் தேடியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்று, எங்கோ பனி பெய்யும் ஓர் ஆலை ஊரில் தோன்றி, நம் பக்கத்துக் கண்மாய்க் கரை வரைக்கும் வந்து சேர்ந்தது. அதன் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

கதையின் முதல் அத்தியாயம் லண்டனில், 1844-இல். அந்தக் காலத்து ஜவுளிக் கடைகளில் வேலை பார்த்த பையன்கள் கடையின் மேல்மாடியிலேயே தங்குவார்கள். சாப்பாடு அங்கே, படுக்கை அங்கே. காலையில் கதவு திறந்தால் இரவு வெகுநேரம் வரை துணி விரித்து, துணி மடிக்கிற வேலை. வெளியே காலாற நடந்தால் எதிர்ப்படுவது சாராயக் கடை. அதைத் தாண்டினால் அதைவிட மோசமானவை. சோமர்செட் பக்கத்துக் குடியானவர் ஒருவரின் மகன், ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற 22 வயதுச் சிப்பந்தி, ஜூன் 6-ஆம் தேதி தன்னைப் போன்ற சிலரைச் சேர்த்துக்கொண்டு ஒரு சங்கம் ஆரம்பித்தார். அவரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். கிறிஸ்தவ வாலிபர் சங்கம் என்று பெயர். நாம் ஒய்.எம்.சி.ஏ. என்று சொல்லும் ஸ்தாபனம் அதுதான். ஆரம்பத்தில் ஜெபமும் வேத வாசிப்பும்தான். பந்து, பயிற்சி என்ற பேச்சே கிடையாது.

1851-இல் சங்கம் அட்லாண்டிக்கைத் தாண்டி மான்ட்ரீலுக்கும் பாஸ்டனுக்கும் போயிற்று. அமெரிக்காவில் ஒரு விஷயம் சீக்கிரமே தெரிந்துவிட்டது. வாலிபனை உட்காரவைத்து உபதேசம் செய்தால் அவன் இரண்டாம் நாள் வரமாட்டான். கைகாலை அசைக்க ஓர் இடம் கொடுத்தால் மறுநாளும் வருவான். 1869-இல் நியூயார்க் சங்கம் எழுப்பிய கட்டடத்தில் தேகப் பயிற்சிக் கூடம் ஒன்றும் இருந்தது. பின்னால் ஊருக்கு ஊர் இதே மாதிரி ஒரு கூடம், அதை நடத்த ஒரு பயிற்சி ஆசிரியர் என்று ஆயிற்று. அந்த ஆசிரியர்களைத் தயார் செய்வதற்கு மாசசூசெட்ஸ் மாகாணத்தில் ஸ்பிரிங்பீல்டு என்ற ஊரில் ஒரு பள்ளியும் ஏற்பட்டது.

அங்கேதான் கூடைப்பந்து பிறந்தது. 1891-ஆம் வருஷத்துக் குளிர்காலம். வெளியே பனி, ஆகவே கால்பந்து இல்லை, பேஸ்பால் இல்லை. கூடத்துக்குள் கர்லாக்கட்டையும் கவாத்தும்தான். 18 மாணவர்கள் கொண்ட ஒரு வகுப்பு, வந்த இரண்டு ஆசிரியர்களை அலுக்க அடித்து அனுப்பிவிட்டது. பள்ளியில் தேகப் பயிற்சித் துறைக்குத் தலைவரான லூதர் குலிக், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற கனடாக்காரரைக் கூப்பிட்டு, கூடத்துக்குள் ஆடக்கூடிய புது விளையாட்டு ஒன்று வேண்டும், பதினான்கு நாள் தவணை என்றார். நெய்ஸ்மித் 13 விதிகளை எழுதினார். கட்டடத்துச் சிப்பந்தியிடம் இரண்டு மரப்பெட்டி கேட்டார். பெட்டி இல்லை, பீச் பழம் வந்த இரண்டு கூடைகள் இருந்தன. அவற்றைக் கூடத்து மாடி விளிம்பில் ஆணி வைத்து அடித்தார்கள். மாடி விளிம்பு தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருந்தது. இன்றைக்கு உலகத்தில் எந்த மூலையில் கூடைப்பந்து ஆடினாலும் வளையம் அதே 10 அடி உயரத்தில்தான் இருக்கிறது. மாடியில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் கையை நீட்டிப் பந்தைத் தள்ளிவிட்டார்கள். அதைத் தடுக்கப் பிறகு பின்னால் ஒரு பலகை வந்தது. அந்தப் பலகையும் நிலைத்துவிட்டது.

கதை எழுதுகிறவனுக்கு இந்த மாதிரிச் சங்கதிகளில் ஒரு ருசி உண்டு. பெரிய சட்டங்கள் பெரிய மூளையிலிருந்துதான் பிறக்கும் என்று நாம் நினைக்கிறோம். ஒரு கொத்தனார் எந்த உயரத்தில் மாடி கட்டினான், ஒரு வேலையாளிடம் அன்று என்ன மிச்சம் இருந்தது என்பதிலிருந்தும் பிறக்கிறது. ஆனால் நான் சொல்ல வந்தது கூடைப்பந்தைப் பற்றி அல்ல. அதனால் மூச்சு வாங்கிப் போனவர்களைப் பற்றி.

ஸ்பிரிங்பீல்டுக்குச் சுமார் 10 மைல் வடக்கே, கனெக்டிகட் நதிக்கரையில் ஹோலியோக் என்று ஓர் ஊர். பாஸ்டன் பணக்காரர்கள் திட்டம் போட்டு உண்டாக்கிய ஆலை ஊர் அது. நதியை மறித்து 1848-இல் கட்டிய முதல் அணை, கட்டி முடித்த அன்றே உடைந்துகொண்டு போயிற்று. அடுத்த வருஷம் வேறோர் அணை கட்டி, மூன்று அடுக்கில் கால்வாய் வெட்டி, அந்த நீரின் விசையில் ஆலைகளை ஓட்டினார்கள். நூலும் துணியும் உண்டு. ஆனால் பெயர் வாங்கித் தந்தது காகிதம். உயர்ந்த ரக எழுதும் காகிதம். இருபதுக்கு மேற்பட்ட காகித ஆலைகள் இருந்த அந்த ஊரைக் 'காகித நகரம்' என்றே சொன்னார்கள். எழுதிப் பிழைக்கிறவனுக்கு அந்த ஊர்மேல் ஒரு பிரியம் வரத்தான் செய்யும். 1890-இல் ஜனத்தொகை சுமார் 35,000. அணையும் கால்வாயும் கட்ட வந்தவர்கள் ஐரிஷ்காரர்கள். அவர்களுக்குப் பின் ஆலை வேலைக்குக் கனடாவிலிருந்து பிரெஞ்சு பேசுகிறவர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள்.

இந்த ஊர்ச் சங்கத்துக்கு 1895-இல் தேகப் பயிற்சி ஆசிரியராக இருந்தவர் வில்லியம் ஜி. மார்கன். வயது 25. ஸ்பிரிங்பீல்டு பள்ளியில் படித்தவர். கூடைப்பந்தை நன்றாக அறிந்தவர். அவரிடம் மாலையில் வந்தவர்களில் ஒரு கூட்டம் வியாபாரிகள். நடு வயது, நாளெல்லாம் நாற்காலி, சற்றே முன்தள்ளிய வயிறு. கூடைப்பந்து பையன்களுக்குச் சரி; இவர்களுக்கு அது ஓட்டமும் இடியுமாக இருந்தது. நல்ல வேலையாள் என்று பெயர் வாங்க நினைக்கும் ஆசிரியர், 'இவர்களுக்கு வயதாகிவிட்டது, வேடிக்கை பார்க்கட்டும்' என்று விட்டிருக்கலாம். அல்லது அவர்களை அதட்டி ஓடவைத்திருக்கலாம். மார்கன் இரண்டும் செய்யவில்லை. ஆளை விளையாட்டுக்கு ஏற்றபடி மாற்றுவதைவிட, விளையாட்டை ஆளுக்கு ஏற்றபடி மாற்றலாம் என்று எண்ணினார். எனக்கு இந்தச் சரித்திரத்திலேயே பெரிய எண்ணமாகப் படுவது இதுதான்.

டென்னிஸ் நினைவுக்கு வந்தது. ஆனால் அதற்கு மட்டை வேண்டும். மட்டையைத் தள்ளிவிட்டு வலையை மட்டும் வைத்துக்கொண்டார். அதைத் தரையிலிருந்து ஆறரை அடி உயரத்துக்கு, சராசரி ஆளின் தலைக்குச் சற்று மேலே, தூக்கிக் கட்டினார். வலை நடுவில் இருப்பதால் எதிராளி மேல் வந்து மோத முடியாது, இடி போயிற்று. அவரவர் பக்கத்திலேயே நிற்பதால் ஓட்டமும் பாதி போயிற்று. பிறகு பந்து. கூடைப்பந்தின் உள்ளே இருக்கும் ரப்பர்ப் பையை மட்டும் எடுத்து அடித்துப் பார்த்தார்கள். அது காற்றில் மிதந்தது. முழுப் பந்தை எடுத்தால் கையை நோகவைத்தது. பக்கத்திலே சிக்கோப்பியில் ஸ்பால்டிங் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. அவர்களிடம் சொல்லி, தோல் உறையும் ரப்பர் உள்ளுமாக, 9 முதல் 12 அவுன்ஸுக்குள் எடை வருகிறபடி ஒரு பந்து செய்து வாங்கினார்.

விதிகளையும் எழுதினார். பேஸ்பாலிலிருந்து 'இன்னிங்ஸ்' எடுத்துக்கொண்டு, ஆட்டத்துக்கு ஒன்பது என்று வைத்தார். டென்னிஸைப் போல, முதல் சர்வீஸ் தவறினால் இன்னொரு தடவை. எல்லாவற்றையும்விட முக்கியமான விதி, ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் ஆடலாம் என்பது. இன்று கூடத்துக்கு ஐந்து பேர் வந்தால் ஐந்து. இருபது பேர் வந்தால் இருபது. 'நீ அதிகப்படி, உட்கார்' என்று யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. பாட்மின்டன் என்ற பெயரின் சாயலில் இதற்கு 'மின்டனெட்' என்று பெயரிட்டார்.

1896-இல் குலிக், ஸ்பிரிங்பீல்டில் நடந்த பயிற்சி ஆசிரியர்கள் மாநாட்டில் இதை ஆடிக் காட்டச் சொன்னார். மார்கன் பக்கத்துக்கு ஐந்து பேராக இரண்டு கட்சி அழைத்துப் போனார். ஒரு கட்சிக்குத் தலைவர் ஹோலியோக் மேயர் ஜே. ஜே. கர்ரன், மற்றதற்கு ஊர்த் தீயணைப்புப் படைத் தலைவர் ஜான் லிஞ்ச். ஊர்ப் பெரிய மனிதர்கள் இருவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மேலே பார்த்தபடி பந்து தட்டுவதைக் கற்பனை செய்து பாருங்கள்! பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஆல்பிரட் ஹால்ஸ்டெட் என்ற பேராசிரியர், பந்து தரையில் விழாமலே போய் வருவதைக் கவனித்து, 'வாலி பால்' என்ற பெயரைச் சொன்னார். அதுவே நிலைத்தது. நாம் அதைக் கைப்பந்து என்றும் சொல்கிறோம். மைதானத்தில் ஆடுகிறவர்களுக்கு மட்டும் அது என்றும் வாலிபால்தான். மார்கன் பிற்பாடு சங்க வேலையை விட்டுவிட்டு மின்சாதனக் கம்பெனிகளில் உத்தியோகம் பார்த்தார். 1942-இல், பிறந்த ஊரான லாக்போர்ட்டில் காலமானார்.

இத்துடன் நிறுத்தினால் கதை இனிப்பாக முடியும். ஆனால் கூடத்துக்குள்ளே பார்த்தாயிற்று. இனி அதன் கதவையும் பார்க்க வேண்டும்.

அமெரிக்க வாலிபர் சங்கங்களில் 1869-இலிருந்து ஒரு விதி இருந்தது. புராட்டஸ்டன்ட் சுவிசேஷ சபைகளைச் சேர்ந்தவர்களுக்குத்தான் சங்கத்தில் ஓட்டு. மற்றவர்கள் வரலாம், குளிக்கலாம், ஆடலாம். நிர்வாகத்தில் கை வைக்க முடியாது. ஹோலியோக்கிலோ ஆலைக் கூலிகளில் பெரும்பாலோர் ஐரிஷ், பிரெஞ்சுக் கத்தோலிக்கர்கள். கர்ரன், லிஞ்ச் என்பவை ஐரிஷ் பெயர்கள்தான்; மேயராகவும் படைத் தலைவராகவும் உயர்ந்தவர்களுக்கு வலையருகில் இடம் கிடைத்தது. காகிதக் கூழில் கை ஊறிப் போனவனுடைய மாலைப் பொழுதுக்கு யார் விளையாட்டு கண்டுபிடித்தார்கள்? களைத்தவர்களுக்கென்றே பிறந்த ஆட்டம் இது. அந்த ஊரில் அதிகம் களைத்தவர்களோ, அது பிறந்தபோது மனத்தில் வைக்கப்பட்டவர்கள் அல்ல.

பெண்கள்? பெயரிலேயே அது ஆண்களுடைய சங்கம். பக்கத்து ஊரான நார்தாம்ப்டனில் ஸ்மித் கல்லூரி என்று ஒரு பெண்கள் கல்லூரி உண்டு. அங்கே ஆசிரியையாக இருந்த செண்டா பெரன்சன் 1892-இலேயே நெய்ஸ்மித்தின் ஆட்டத்தைப் பெண்களுக்கு ஏற்றபடி மாற்றிக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிவிட்டார். நீக்ரோக்கள் என்று அன்று அழைக்கப்பட்ட கறுப்பு மக்கள்? ஆன்டனி போவன் என்ற, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட மனிதர் 1853-இலேயே வாஷிங்டனில் தம் மக்களுக்கென்று தனியாக ஒரு வாலிபர் சங்கம் ஏற்படுத்தினார். அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டு ஆகப் போகும் சமயம், 1946-இல்தான், இந்தத் தனிப் பந்தி கூடாது என்று அமெரிக்க சங்கங்களின் தேசிய சபை தீர்மானம் போட்டது.

ஆக, இம்மாதிரி இடங்களின் சரித்திரத்தில் இரண்டு கைகள் வேலை செய்கின்றன. ஒரு கை உள்ளே இருப்பவனிடம் தாயைப் போல நடந்துகொள்கிறது. அவன் உடம்புக்குத் தகுந்தபடி பந்தின் எடையைக்கூட நிறுத்துப் பார்க்கிறது. இன்னொரு கை கதவைப் பிடித்துக்கொண்டு, வருகிறவன் யார் என்று பார்க்கிறது. இரண்டும் ஒரே ஆளுடைய கைகள். இதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. மார்கன் நல்லவர் என்றுதான் எனக்குப் படுகிறது. நல்லவர்கள் தங்கள் கண்ணில் படுகிறவர்களுக்கு நல்லது செய்கிறார்கள், அவ்வளவுதான்.

பந்து மட்டும் கதவை மதிக்கவில்லை. சங்கத்து ஆசிரியர்கள் போன இடமெல்லாம் கூடவே போயிற்று. 1910-இல் பிலிப்பைன்ஸுக்குப் போனது. ஒருவன் பந்தை உயரத் தூக்கிக் கொடுக்க, இன்னொருவன் எகிறி அறைவது என்கிற வித்தை அங்கே வளர்ந்தது. வியாபாரிகளின் சாந்தமான பொழுதுபோக்குக்கு அன்றோடு பற்கள் முளைத்தன. 1918-இல் பக்கத்துக்கு ஆறு பேர் என்று வரையறுத்தார்கள். போட்டி என்று வந்துவிட்டால் ஏழாவது ஆள் உட்கார வேண்டியதுதானே! 1964-இல் டோக்கியோவில் ஒலிம்பிக் பந்தயத்தில் இதைச் சேர்த்தபோது, பெண்களுக்கான தங்கப் பதக்கத்தை ஜப்பான் வாங்கிற்று. அந்தக் கட்சியில் பெரும்பாலோர் கைஜூகாவில் உள்ள ஒரு நூற்பாலைக் கம்பெனியின் குழுவைச் சேர்ந்த பெண்கள். பகலில் கம்பெனி வேலை; பிறகு நடுநிசி வரை பயிற்சி. முதல் கூடத்துக் கணக்கில் வராத இரண்டு ஜாதியார், ஆலையைச் சேர்ந்தவர்களும் பெண்களும், ஒரே உருவத்தில் வந்து வென்றார்கள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் மார்கனின் எண்ணம் அங்கே தலைகீழாகிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். களைத்தவர்களுக்காக ஆட்டத்தை இளக்கினார் அவர். ஆட்டத்துக்காகக் களைத்தவர்களை முறுக்கினார்கள் இவர்கள்.

நம் பக்கம் வந்த கதை இன்னொரு விதம். சென்னைக்கு 1890-இல் டேவிட் மக்கானகி என்ற அமெரிக்கர் சங்கத்தைக் கொண்டுவந்தார். பிலடெல்பியாவைச் சேர்ந்த வானமேக்கர் என்ற பெரிய வியாபாரியின் நன்கொடையோடு, எஸ்பிளனேடில் அந்தச் சிவப்புக் கட்டடம் 1900-இல் எழுந்தது. ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் வந்து, 1920-இல் தேகப் பயிற்சி ஆசிரியர்களுக்கான பள்ளியைத் தொடங்கினார். ஐந்து மாணவர்களோடு ஆரம்பித்தது. இன்று நந்தனத்தில் கல்லூரியாக இருக்கிறது. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்தியக் கோஷ்டியை நடத்திச் சென்றவரும் பக்தான். அந்தப் பள்ளியில் படித்தவர்கள் ஜில்லா ஜில்லாவாக 'டிரில் மாஸ்டர்' உத்தியோகத்துக்குப் போனார்கள். ஹோலியோக்கில் பிறந்த பந்து அவர்களுடைய டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறிற்று.

கிராமத்தில் இறங்கியதும் அதற்குக் கூடமே தேவைப்படவில்லை. இரண்டு சவுக்குக் கம்பு, ஒரு வலை, சாம்பலில் இழுத்த கோடு, ஒரு பந்து. அறுப்பு முடிந்த வயல், வற்றிய கண்மாய், பள்ளிக்கூடத்துப் பின்புறம், எதுவும் போதும். கிரிக்கெட்டைப் போலப் பெரிய இடம் கேட்காது. கால்பந்தைப் போல முரட்டுத் தேகம் கேட்காது. வயலில் வேலை செய்துவிட்டு வந்தவனும் அரை மணி ஆடலாம். மார்கன் வியாபாரிகளுக்காக யோசித்த அத்தனையும் நம் குடியானவனுக்கும் பொருந்திப் போயிற்று. 1961-இல் அர்ஜுனா விருது ஆரம்பித்தபோது வாலிபாலுக்காக முதலில் அதைப் பெற்ற ஏ. பழனிசாமி தமிழ்நாட்டுக்காரர். 1962-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியக் கட்சிக்கு வெள்ளிப் பதக்கமும் கிடைத்தது.

கூடம் இல்லை என்றால் கதவும் இல்லை என்று தோன்றும். நம் ஊரில் கதவை மரத்தில் செய்வதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கம்பத்தை எந்தத் தெரு முனையில் நடுகிறார்கள் என்பதிலேயே யார் வரலாம், யார் எட்ட நின்று பார்க்கலாம் என்பது தீர்மானமாகிவிடும். ஒரே ஊரில் ஒரு பர்லாங்கு தூரத்தில் இரண்டு வலைகள் கட்டியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டிலும் ஆள் பற்றாக்குறை. இங்கே நாலு பேர், அங்கே ஐந்து பேர். ஏன் சேர்ந்து ஆடக் கூடாது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று ஊர்க்காரனுக்குத் தெரியாதா?

இந்த விளையாட்டில் ஒரு விசேஷம் இருக்கிறது. எதிராளியை யாரும் தொடுவதில்லை. நடு வயது மனிதருக்கு அடிபடக் கூடாது என்று மார்கன் வைத்த ஏற்பாடு அது. நம் நாட்டில் அதற்கே வேறு அர்த்தம் வந்துவிடுகிறது. இரண்டு தெருவார் வலைக்கு இரு புறமும் நின்று, மேலே படாமல், மரியாதை கெடாமல், மணிக் கணக்கில் பந்தயம் ஆடலாம். ஆடவும் செய்கிறார்கள். ஆனால் பந்து இருக்கிறதே, அது எல்லாக் கையையும் தொட்டுவிட்டுத்தான் வருகிறது. வியர்வை ஈரத்தோடு வந்த பந்தை யாரும் துடைத்துவிட்டுத் தட்டுவதில்லை.

பிற்காலத்தில் சேர்ந்த விதி ஒன்று, சர்வீஸ் மாறும்போது ஆட்களும் இடம் மாற வேண்டும் என்பது. முன்னால் நிற்பவன் பின்னால் போக வேண்டும். பின்னால் நின்றவனுக்கு முன்வரிசை கிடைக்கும். எல்லாருடைய கைக்கும் ஒரு முறை சர்வீஸ் வரும். இந்த ஓர் இடத்தை நான் நிரந்தரமாகக் குத்தகை எடுத்திருக்கிறேன் என்று எவனும் சொல்ல முடியாது. வலைக்கு எதிரும் புதிருமாக இரண்டு தெருக்கள் நிற்பது பெரிய காரியம் அல்ல. வலைக்கு ஒரே புறத்தில், ஒரே ஆறு பேரில், இரண்டு தெருவும் கலந்து நின்று, அந்தச் சுற்றில் இடம் மாறிக்கொண்டு, ஒருவன் தூக்கிக் கொடுக்க மற்றவன் அடிப்பதுதான் காரியம். அப்படி ஆடும் ஊர்கள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்து மைதானம் இருக்கும் ஊர்களில் அது சுலபமாக நடக்கிறது. அது யாருடைய தெருவும் இல்லை அல்லவா?

வாலிபர்களுக்கு மன்றம் கட்டுகிறோம், உடற்பயிற்சி நிலையம் திறக்கிறோம் என்று ஊருக்கு ஊர் கல்வெட்டு வைக்கிறார்கள். வைக்கட்டும். திறந்துவைத்தவர் பெயரைவிட அந்தக் கட்டடம் ஊரில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அதன் பிறகு பார்க்க வேண்டியது சாவி எந்தத் தெருவில், யார் வீட்டு ஆணியில் தொங்குகிறது என்பதை.